பழங்கயிறும் இரண்டு யானைகளும்

சங்கப் புலவர்கள் சிலரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டில் காட்டிய காட்சியே பெயராகி நிலைத்துவிட்டது. குறுந்தொகையில் மட்டும் அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார், மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார் என்று பலர் இருக்கிறார்கள். இந்தப் பெயர்களில் அணில் ஆடுகிறது, நுரை கல்லில் மோதுகிறது, தூண்டில் மீனை எறிகிறது. அழகு, இனிமை, அற்புதம் என்று பாராட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. காதலன் பிரிந்தபின் தன் நிலை எப்படி என்று சொல்ல வந்த பெண், மக்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைக் காட்டுகிறாள். ஆள் நடமாட்டம் இருந்தால் அணிலுக்கு அந்தத் துணிவு வராது. வெறுமையை நாமே உணர்ந்துகொள்கிறோம். வருணனை என்றாலே அடைமொழிகளை அடுக்குவது என்று பள்ளிக் கட்டுரைகளில் பழகிவிட்ட நமக்கு இந்தப் புலவர்கள் வேறு வழி காட்டுகிறார்கள்.

அப்படியானால் அடைமொழியே வேண்டாமா என்று கேட்கலாம். நற்றிணையில் வரும் தேய்புரிப் பழங்கயிற்றினார் இதற்கு நல்ல பதில். பொருள் தேடிப் போனவனை நெஞ்சு காதலியிடம் திரும்பச் சொல்கிறது; எடுத்த வேலையை முடி என்கிறது அறிவு. நடுவில் கிடக்கும் அவன் உடம்பு, இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும், புரி தேய்ந்த பழங்கயிறு. ‘தேய்ந்த’, ‘பழைய’ இரண்டும் அடைமொழிகள்தாம். எடுத்துவிட்டுப் பாருங்கள், இந்த நொடியே அறுந்துவிடுமோ என்ற பதைப்பு போய்விடும். கயிறு பழையது என்பது அவன் எவ்வளவு காலமாக அலைக்கழிகிறான் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதே யானைக்குக் ‘கம்பீரமான’ என்று சேர்த்தால் படத்தில் எதுவும் கூடாது. ஒரு சொல்லை நீக்கினால் காட்சி மாறுகிறதா என்பதுதான் நான் நம்பும் சோதனை. உவமைக்கு அடிப்படையாகத் தொல்காப்பியம் வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என நான்கைச் சொல்கிறது. எழுதத் தொடங்குவோர் பெரும்பாலும் வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு, முதலில் நிற்கும் வினையை மறந்துவிடுகிறார்கள்.

சில அடிகளில் முடியும் பாட்டுக்கு இந்தச் சோதனை சரி, நீண்ட எழுத்துக்கு ஆகுமா என்பது நியாயமான கேள்வி. மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது, வருணனை நிறைந்தது. பகலங்காடி, அந்திக் கடைகள், நள்ளிரவில் திருடரும் அவர்களைத் தேடும் காவலரும், பிறகு விடியல் என்று நகரம் இடைவிடாமல் இயங்கிக்கொண்டே இருக்கிறது. அங்கே அடைமொழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் யார் என்ன விற்கிறார், எந்த வேளையில் யார் வெளியே வருகிறார் என்ற செய்தியை அவை சுமந்து வருகின்றன.