வெடிப்பை அளந்த விமானங்கள்

1945 ஆகஸ்டு 6ஆம் தேதி ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டை வீசிவிட்டு வெகுவேகமாகத் திரும்பி விலகிய ‘எனோலா கே’ விமானத்தை, சுமார் 11½ மைல் தூரத்தில் எட்டிப்பிடித்த அதிர்ச்சி அலை இருமுறை உலுக்கிற்று. முதல் உலுக்கல் வெடிப்பிலிருந்து நேரே வந்தது, மற்றது பூமியில் மோதிப் பிரதிபலித்து மேலெழுந்தது. பிற்பாடு ஹைட்ரஜன் குண்டு தோன்றி நாசசக்தி பன்மடங்கு பெருகியபோது, அதைப் போடும் விமானம் எத்தனை தூரத்தில் இருந்தால் பிழைக்கும் என்ற கேள்வி காகிதக் கணக்கினால் மட்டும் தீர்வதாயில்லை. ஆகவே, 1954லும் 1956லும் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கர் நடத்திய பரிசோதனைகளில், மனிதர் ஓட்டிய குண்டுவீச்சு விமானங்களே அளவைக் கருவிகளாக்கப்பட்டன.

முதலில் தாக்குவது உஷ்ணம். ஒளியின் வேகத்தில் வரும் அதனிடமிருந்து ஓடித் தப்ப முடியாது. பெரிய குண்டானால் அது பல விநாடிகள் நீடிக்கும். தடித்த உலோகம் அதை உள்வாங்கித் தாங்கிவிடும். மெல்லிய அலுமினியத் தகடோ சட்டென்று கொதித்துப்போகும். கறுப்பு வர்ணம் உஷ்ணத்தைக் கிரகிப்பதாலேயே இத்தகைய விமானங்களின் அடிவயிற்றுக்கு வெள்ளை பூசினார்கள். தகட்டின் உஷ்ணத்தைத் தெர்மோகப்பிள்கள் குறித்தன. பின்னால் துரத்திவரும் அதிர்ச்சி அலை இறக்கைகளை வளைக்கும்பொழுது, அங்கே ஒட்டப்பட்ட மெல்லிய கம்பிகள் சிறிதளவு நீண்டு தம் மின்தடையை மாற்றிக்கொள்ள, அந்த மாறுதலிலிருந்து இறக்கை தாங்கிய பாரம் கணிக்கப்பட்டது.

இவ்வளவும் பொருள்படுவதற்கு, வெடிக்கும் கணத்தில் விமானம் நின்ற ஸ்தானமும், அலை வந்து தொட்ட கணத்தில் அது போய்ச் சேர்ந்திருந்த ஸ்தானமும் பிசகின்றித் தெரிந்தாக வேண்டும். தூரத்தை நிர்ணயிப்பதோ குண்டின் வலிமையை முன்கூட்டி மதிப்பிடுவதைப் பொறுத்தது. 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினியில் வெடித்த ‘பிராவோ’, சுமார் 6 மெகாடன் என்ற எதிர்பார்ப்பை மீறி 15 மெகாடனாக எழுந்தது. (விமானங்களுக்காவது இடைவெளி வகுக்கப்பட்டிருந்தது, கதிரியக்கச் சாம்பல் விழுந்த ரோங்கெலாப் தீவின் மக்களுக்கு அதுவுமில்லை.)

1956 மே 21ஆம் தேதி ‘செரோக்கீ’ பரிசோதனையில், குறித்த இலக்கைக் கேந்திரமாகக் கொண்டு விமானங்களும் தரைக் கருவிகளும் தத்தம் இடங்களில் வெகு ஒழுங்காக அமைந்திருக்க, பி-52 விமானத்தினர் இலக்கை மாறாக அடையாளங்கண்டு வீசிய குண்டு ஏறக்குறைய 4 மைல் தள்ளிக் கடலின்மேல் வெடித்தது. எதற்காகப் பரிசோதனை நடந்ததோ அந்த அளவுகளில் பெரும்பகுதி கைக்கு வராமலே போயிற்று.