இரண்டு வருஷத்துக்கு ஒரு விமானம்

திருச்சி விமான நிலையம். இரவு பதினொரு மணி.

வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது. பாட்டி, அம்மா, அக்காள், அக்காள் புருஷன், தம்பி, தூங்கி வழியும் இரண்டு குழந்தைகள் என்று பதினான்கு பேர் இறங்குகிறார்கள். இத்தனை பேரும் விமானத்தில் போகிறவர்களா? இல்லை. போகிறவர் ஒருவர்தான். மற்ற பதிமூன்று பேரும் வழி அனுப்ப வந்தவர்கள்!

அட்டைப் பெட்டியை நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. உள்ளே ஊறுகாய், முறுக்கு, பருப்புப் பொடி, கருவாடு.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுப்பா" என்கிறார் தாயார்.

"சரிம்மா. நீ மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கோ" என்கிறார் மகன்.

மனைவி ஒன்றும் பேசவில்லை. தோளில் தூங்கும் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொள்கிறாள். அவர் உள்ளே போய்விட்டார். இனி அவர் இந்த வாசலுக்குத் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சென்னை விமான நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே காட்சியே வேறு. கையில் ஒரு சின்னப் பை. வழி அனுப்ப ஒரு ஆள் கிடையாது. மும்பைக்குப் போய், கூட்டத்தில் பேசிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். அடுத்த வாரம் டில்லி. அதற்கு அடுத்த வாரம் கல்கத்தா.

இருவரும் விமானப் பிரயாணிகள்தான். ஆனால் ஒருவருக்கு விமானம் என்பது பஸ் மாதிரி. இன்னொருவருக்கு அது திருவிழா மாதிரி. சில சமயம் இழவு மாதிரி.

பறப்பவர்கள் எத்தனை பேர்?

இந்தியாவுக்குள் 2024-ம் ஆண்டில் விமானத்தில் போனவர்கள் கணக்கு சுமார் 16 கோடி. "அப்பாடா, எவ்வளவு பேர்!" என்று தோன்றும். ஆனால் இது ஆட்களின் கணக்கு அல்ல, பிரயாணங்களின் கணக்கு. ஒருவர் டில்லிக்குப் போய்த் திரும்பினால் இரண்டு. வாரா வாரம் போய் வருகிறவர் ஒரே வருஷத்தில் நூறு பேராகிவிடுவார்! ஆகவே உண்மையில் விமானம் ஏறிய ஆட்கள் இதில் பாதிகூட இருக்கமாட்டார்கள். நாட்டின் ஜனத்தொகையோ 140 கோடிக்கு மேல்.

ரெயிலோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2023-24-ல் ரெயிலில் நடந்த பிரயாணங்கள் சுமார் 690 கோடி. அதாவது, விமானங்கள் ஒரு வருஷம் முழுக்கச் சுமக்கும் கூட்டத்தை ரெயில்கள் எட்டு ஒன்பது நாளில் சுமந்துவிடுகின்றன.

உலகம் முழுவதற்கும் இப்படி ஒரு கணக்கு 2020-ல் வெளிவந்தது. 2018-ம் ஆண்டில் உலக ஜனங்களில் 100-க்கு 11 பேர்தான் விமானம் ஏறினார்களாம். வெளிநாட்டுக்குப் பறந்தவர்கள் அதிகம் போனால் 100-க்கு 4 பேர். விமானப் பிரயாணத்தால் உண்டாகும் புகையில் ஏறத்தாழ பாதிக்குக் காரணமானவர்கள் 100-க்கு ஒரே ஒருவர். அடிக்கடி பறக்கும் அந்த ஒருவர்!

ஏன் பறக்கிறார்கள்?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நேரம். சென்னையிலிருந்து டில்லிக்கு ரெயிலில் போக ஒரு பகலும் ஒரு இரவும் போதாது. பெரும்பாலான ரெயில்களில் முப்பது மணிக்கு மேல் ஆகும். விமானத்தில் மூன்று மணிக்குள் போய்விடலாம்.

இரண்டாவது காரணம், வேறு வழி இல்லாமை. அமெரிக்காவில் அலாஸ்கா மாகாணத்தின் தலைநகர் ஜூனோ. அந்த ஊரிலிருந்து வெளி ஊருக்குப் போகச் சாலையே கிடையாது. கப்பலில் போக வேண்டும். இல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 1967-ம் ஆண்டு முதல் விமானம் போகிறது. தூரம் மூன்று கிலோ மீட்டர்கூட இல்லை. பிரயாண நேரம் இரண்டே நிமிஷம்! உலகத்திலேயே மிகக் குறுகிய விமானப் பிரயாணம் இதுதான். பள்ளிக்கூட ஆசிரியர், டாக்டர், மாணவர் எல்லோரும் அதில்தான் போய் வருகிறார்கள். அங்கே விமானம் ஏறுகிறவரை "பெரிய பணக்காரர்" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

திருச்சியில் ஏறுகிறவரின் கதையும் இந்த இரண்டாவது ரகம்தான். அவருக்கும் வேறு வழி கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது.

கப்பல் போன காலம்

இந்தியாவின் ஆகாய விமான சர்வீஸ் ஆட்களைச் சுமக்க ஆரம்பிக்கப்பட்டது அல்ல. 1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சின்ன விமானத்தை ஓட்டி வந்தார். அதில் இருந்தவை தபால் மூட்டைகள். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு விமானத்தைக் கொண்டு வந்தார். பிறகு பல காலம் விமானம் என்றால் தபாலும், சீமான்களும், சர்க்கார் அதிகாரிகளும்தான்.

மற்றவர்கள் கடல் தாண்டக் கப்பல் ஏறினார்கள். "ரஜூலா" என்ற பெயரைக் கேட்டால் தஞ்சை, ராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர்களின் முகம் மலரும். 1926-ல் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு நாள் கணக்காகப் போவார்கள்.

ரஜூலாவுக்குப் பிறகு "சிதம்பரம்" என்ற கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் நடுக்கடலில் அதில் தீப் பிடித்தது. பலர் மாண்டுபோனார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது. அதன் பிறகு சிங்கப்பூருக்குப் போகிற ஏழையும் விமானம் ஏறித்தான் ஆகவேண்டும் என்று ஆயிற்று.

வளைகுடா நாடுகளின் கதை வேறு. 1973-ல் எண்ணெய் விலை மளமளவென்று ஏறியது. அரபு நாடுகளில் பணம் கொழித்தது. கட்டடம் கட்டவும், சாலை போடவும், வண்டி ஓட்டவும் ஆள் தேவைப்பட்டது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் போனார்கள்.

இன்று திருச்சி விமான நிலையத்தில் ஒரு விசேஷம் உண்டு. உள்நாட்டுப் பிரயாணிகளைவிட வெளிநாட்டுப் பிரயாணிகளே அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், சார்ஜா என்று இரவு பகலாக விமானங்கள் போகின்றன. கூட்டம் தாங்காமல் பெரிய கட்டடம் கட்டி, 2024 ஜனவரி 2-ந் தேதி பிரதமர் அதைத் திறந்து வைத்தார்.

டிக்கெட் யார் கையில்?

வளைகுடாவில் சாதாரண வேலைக்குப் போகிறவர் எத்தனை தடவை பறப்பது என்பதை அவர் தீர்மானிப்பது இல்லை. பெரும்பாலும் இரண்டு வருஷ ஒப்பந்தம். அது முடிந்தால் ஊருக்குப் போய்வர விடுமுறை. கம்பெனி கொடுக்கும் டிக்கெட். நடுவில் வரவேண்டும் என்றால் முதலாளி சம்மதிக்க வேண்டும். டிக்கெட் செலவு சொந்தப் பணம். சம்பளமும் பிடிபடும்.

பத்து வருஷம் வேலை செய்தவர் ஊரில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது. தங்கை கல்யாணத்தைப் படத்தில் பார்த்திருப்பார். பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் போனில் பார்த்திருப்பார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு.

ஒரு நாள் வேலைத் தளத்தில் போன் அடிக்கிறது. "அப்பா போயிட்டாருடா."

இங்கே ஊரில் ஐஸ் பெட்டி கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிடுகிறார்கள். கொள்ளி வைக்க மூத்த மகன் வரவேண்டும். "பையன் வருவானா, மாட்டானா?" என்று பங்காளிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே மகன் லீவு கேட்டு மேலதிகாரியின் அறை வாசலில் நிற்கிறார். லீவு கிடைத்தால் டிக்கெட் வாங்க ஓடுகிறார்.

அவசரத்துக்கு அதிக விலை

பஸ் டிக்கெட் என்றால் நேற்று வாங்கினாலும் இன்று வாங்கினாலும் ஒரே விலை. விமான டிக்கெட் அப்படி அல்ல. முன்கூட்டியே வாங்கினால் பெரும்பாலும் மலிவு. இடங்கள் நிரம்ப நிரம்ப, நாள் நெருங்க நெருங்க, விலை ஏறும். கடைசி நிமிஷத்தில் வருகிறவர் அவசரக்காரர். என்ன விலை சொன்னாலும் கொடுப்பார் என்பது விமானக் கம்பெனிகளின் கணக்கு.

கம்பெனி வேலையாகப் போகிற அதிகாரிக்கு இது பெரிய பாதிப்பு இல்லை, பணம் கம்பெனியுடையது. தகப்பனார் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஓடி வருகிற கொத்தனாருக்கும் அதே விலைதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமானக் கம்பெனிகள் "பாயிண்ட்" கொடுக்கின்றன. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி இதைப் பெரிய அளவில் ஆரம்பித்தது. பிறகு உலகம் பூராவும் பரவிவிட்டது. பாயிண்ட் சேர்ந்தால் இலவச டிக்கெட்கூட உண்டு. ஆக, வாரா வாரம் பறக்கிறவருக்குச் சலுகை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கிறவருக்கு முழு விலை!

உள்நாட்டில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2003-ல் கேப்டன் கோபிநாத் "ஏர் டெக்கான்" கம்பெனியைத் தொடங்கினார். சாதாரண ஜனங்களும் பறக்கவேண்டும் என்றார். சில இடங்களை ஒரு ரூபாய்க்குக்கூட விற்றார்! அந்தக் கம்பெனி நிலைக்கவில்லை. ஆனால் அது காட்டிய வழி நிலைத்தது. அவர் கதையைத் தழுவி 2020-ல் "சூரரைப் போற்று" படம் வந்தது. 2017-ல் "உடான்" திட்டப்படி சின்ன ஊர்களுக்கும் விமானம் விட ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்று சில இடங்களுக்குக் கட்டணம் வைத்தார்கள். கடல் தாண்டிப் போகும் தொழிலாளிக்கு அப்படி ஒரு உச்ச வரம்பு இல்லை.

கப்பல் திரும்பி வந்தது!

2020 மார்ச் மாதம் கொரோனா வந்தபோது வெளிநாட்டு விமானங்கள் அடியோடு நின்றன. வாரா வாரம் பறந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கூட்டம் போட்டார்கள். "இத்தனை நாளாக இதற்கா பறந்தோம்?" என்று சிலர் சிரித்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பறப்பவர்களால் சிரிக்க முடியவில்லை. வேலை போய், அறையில் அடைபட்டு, ஊருக்கு வர வழியில்லாமல் தவித்தார்கள். மே 7-ந் தேதி சர்க்கார் ஏற்பாட்டில் தனி விமானங்கள் வர ஆரம்பித்தன. அது போதாமல் கடற்படைக் கப்பல்களும் புறப்பட்டன. மே 10-ந் தேதி "ஜலஷ்வா" கப்பல் மாலத் தீவிலிருந்து 698 பேரைக் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஜூன் மாதத்தில் தூத்துக்குடிக்கும் வந்தது. ரஜூலாவின் காலம் திரும்பியதுபோல் இருந்தது!

யாருடைய பிரயாணம் ஆடம்பரம், யாருடைய பிரயாணம் அவசியம் என்பதை அந்த இரண்டு மாதங்கள் பிரித்துக் காட்டிவிட்டன. "அதிகம் பறக்கிறவர் அதிக வரி கட்டட்டும்; வருஷத்தில் முதல் பிரயாணத்துக்கு வரி வேண்டாம்" என்று ஐரோப்பாவில் சிலர் யோசனை சொல்கிறார்கள். அந்த யோசனையின் நியாயம் திருச்சி விமான நிலைய வாசலில் நின்றால் சட்டென்று புரியும்.

அதே வாசலில் விடியற்காலையில் வேறு ஒரு வேன் நிற்கிறது. இவர்கள் அழைத்துப்போக வந்தவர்கள். கதவு திறக்கிறது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வெளியே வருகிறார்.

"அதோ பாரு, அப்பா!" என்கிறாள் தாய்.

இரண்டரை வயதுப் பெண் குழந்தை அந்த ஆளை உற்றுப் பார்க்கிறது. பிறகு தாயின் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறது.

அவர் சிரிக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். லீவு நாற்பத்தைந்து நாள். குழந்தைக்கு அவரைப் பழகப் பத்து நாள் பிடிக்கும்.