கட் பண்ணினாலும் 'பிஸி'தான்

சென்னை கோவிலம்பாக்கத்தில் ரேடியல் சாலையை ஒட்டிய தெருக்களில் வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள் பலருக்கு ஓஎம்ஆர் பக்கம் கால் சென்டர் வேலை. கடன் தவணை, இன்சூரன்ஸ் புதுப்பிப்பு, கார்டு விற்பனை என்று நாள் முழுக்க வெளியே போகும் அழைப்புகள். எதிர்முனையில் இருப்பவர் கட் பண்ணினாரா, எண்ணையே பிளாக் செய்துவிட்டாரா, நிஜமாகவே பேசிக்கொண்டிருக்கிறாரா? அதைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது பெரும்பாடு.

லேண்ட்லைன் காலத்தில் இது காதின் வேலை. டெலிகாலர் முன்னால் அச்சிட்ட பட்டியல் இருக்கும். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் போடுவார். முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி ஓய்ந்தால் எங்கேஜ்டு. இரட்டை மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தால் வீட்டில் ஆள் இல்லை. பேனாவால் ஒரு குறி, அடுத்த எண். பிடிக்காதவர் போனை எடுத்து, "வேண்டாங்க, இனிமே போடாதீங்க" என்பார். அந்தப் பெயர்மேல் கோடு விழும். மறுப்பு குரலாக வந்ததால் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

இன்று எண்ணைப் போடுவது ஆட்டோ டயலர். ஒரு ஏஜென்ட்டுக்காக ஒரே நேரத்தில் பல லைன்களைப் போட்டு, எடுத்த அழைப்பை மட்டும் ஹெட்செட்டுக்குத் தரும். மற்றவை குறியீடாகப் பதிவாகும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கியூ.850 தரப்படி 17 என்றால் பிஸி, 19 என்றால் மணி அடித்தும் எடுக்கவில்லை, 21 என்றால் மறுப்பு. இன்டர்நெட் வழிப் போகும் லைனில் பிஸி 486 ஆகவும் மறுப்பு 603 ஆகவும் வரும்.

நடப்பு இவ்வளவு தெளிவாக இல்லை. ஜிஎஸ்எம் முறையில் சிவப்புப் பட்டனைத் தட்டினால், கைபேசி பொதுவாக நெட்வொர்க்குக்குச் சொல்வது 21 அல்ல, 17. அழைத்தவருக்கு 'பிஸி' என்ற அறிவிப்பு கேட்பது அதனால்தான். பிளாக் செய்த எண்ணுக்கும் பல நேரம் இதே பதில். அந்த அறிவிப்பும் சில சமயம் இணைப்பு கிடைக்கும் முன்பே வெறும் ஒலியாக வருகிறது; குறியீட்டை மட்டும் படிக்கும் டயலருக்கு அது கேட்பதேயில்லை.

விளைவைச் சுமப்பது ஏஜென்ட். பிஸி என்று பதிவான எண்ணைச் சில நிமிடத்தில் மறுபடி போடும்படிதான் டயலர்களை வழக்கமாக அமைக்கிறார்கள். ஏற்கெனவே கட் பண்ணியவர் கடைசியில் எடுத்துத் திட்டும்போது, முந்தைய அழைப்புகளைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு பெண் அந்த வசவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

குறியீடு சொல்லாததை நேரம் ஓரளவு சொல்லும். நாலைந்து விநாடி மணி அடித்தபின் அறுந்தால் யாரோ கட் பண்ணியிருக்கலாம். எந்த வேளையில் போட்டாலும் மணி தொடங்கிய உடனே அறுந்தால் பிளாக் என்ற சந்தேகம் வலுக்கும். கால் வெயிட்டிங் வந்தபிறகு அசல் பிஸி குறைந்துவிட்டது. நாள்தோறும் பிஸி காட்டும் எண்ணை நம்பக் கூடாது. வேறு எண்ணிலிருந்து போட்டுப் பார்த்தும் சிலர் உறுதிசெய்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. முன்வாசலைச் சாத்தியவர் வீட்டில் கொல்லைப்புறமாக நுழைவதுதான் அது.

2011 செப்டம்பர் 27இல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விளம்பர அழைப்பு விதிகள் முழுமையாக நடப்புக்கு வந்தன. 1909 என்ற எண்ணில் பதிவுசெய்து விளம்பர அழைப்பைத் தடுக்கலாம், டெலிமார்க்கெட்டிங்குக்கு 140இல் தொடங்கும் எண் வரிசை. 140ஐக் கண்டாலே மக்கள் கட் பண்ணத் தொடங்கினார்கள். 2024இல் சேவை அழைப்புகளுக்கென 160இல் தொடங்கும் வரிசை அறிவிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் கட் பண்ணியவரை மறுபடி அழைப்பதா என்பதை டயலரை அமைப்பவர்தான் முடிவுசெய்கிறார். மணி அடித்த சில விநாடிகளில் இரண்டு முறை 'பிஸி' வந்த எண்ணை மறுப்பு என்றே பதிந்து, அழைப்பதை நிறுத்த வேண்டும். தவணைத் தேதியைச் சொல்ல ஒரு எஸ்எம்எஸ் போதும்.