மூளை சொன்னால்தான் முட்டை

குளத்தில் வளரும் ரோகு மீன் நன்றாகத் தின்னும், கொழுக்கும், மழைக்காலம் நெருங்கினால் வயிறு நிறையச் சினையும் பிடிக்கும். முட்டை மட்டும் இடாது! ஒரு கிலோ எடையுள்ள தாய் மீனுக்குள் லட்சத்துக்கும் மேல் முட்டைகள் இருக்கும். பருவம் தாண்டியதும் அவை உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். கட்லா, மிர்கால் மீன்களும் இப்படித்தான்.

அதே மீன் கங்கையிலோ மகாநதியிலோ இருந்தால் புது வெள்ளம் வரும்போது கரையோரம் ஏறிவந்து முட்டையிடும். அதனால் அந்தக் காலத்தில் மீன் வளர்ப்பவர்கள் ஆற்று வெள்ளத்தில் வலை கட்டித்தான் குஞ்சு பிடித்தார்கள். அந்தப் பொடிக் குஞ்சுகளில் எது ரோகு, எது மற்ற குஞ்சுகளைத் தின்றுதீர்க்கும் மீன் என்று யாருக்குத் தெரியும்? வளர்ந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

சரி, குளத்து மீனுக்கு என்னதான் குறை? முட்டையில் ஒரு குறையும் இல்லை. மூளையிலிருந்து வரவேண்டிய உத்தரவுதான் வரவில்லை.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. பகல் நீள்கிறதா, தண்ணீர் எவ்வளவு சூடு, வெள்ளம் வந்ததா என்ற தகவலெல்லாம் அங்கே போய்ச் சேரும். காலம் கனிந்துவிட்டது என்றால் அது ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும். நம் உடம்பில் அந்த ஹார்மோன், சின்ன ரத்தக் குழாய்கள் வழியாகக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது. ரோகு போன்ற எலும்பு மீன்களில் மூளையின் நரம்பிழைகளே பிட்யூட்டரிக்குள் நீண்டு, ஹார்மோனை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. மீனின் ஏற்பாடுதான் சுருக்கு வழி!

செய்தி கிடைத்ததும் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். முதலாவது முட்டையை வளர்க்கும் பருவத்துக்கு உரியது. அதைக் கேட்டுச் சினைப்பை ஈஸ்ட்ரஜனைச் சுரக்க, அது ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகும். முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதத்தைத் தயாரிப்பது கல்லீரல்தான். ஆண் மீனின் கல்லீரலுக்கும் இந்த வேலை தெரியும். ஈஸ்ட்ரஜன் கொடுத்தால் அதுவும் செய்துகாட்டும்.

கடைசிக் கட்டத்துக்கு எல்.எச். வேண்டும், அதுவும் ஒரேயடியாகப் பொங்கி வர வேண்டும். அப்போதுதான் முட்டை முழுதாக முதிர்ந்து சினைப்பையிலிருந்து கழன்று வரும். குளத்து ரோகுவிடம் எல்.எச். இல்லாமல் இல்லை, பிட்யூட்டரிக்குள் சேர்ந்துதான் கிடக்கிறது. வெளியேதான் வருவதில்லை.

வேறொரு மீனின் பிட்யூட்டரியை எடுத்துக் கொடுத்தால் என்ன? 1930களில் பிரேசில் நாட்டில் இப்படிச் செய்து பார்த்து வெற்றி கண்டிருந்தார்கள். நம் நாட்டில் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, அலிகுன்ஹி என்ற விஞ்ஞானிகள் இதில் இறங்கினார்கள். மீன் தலையின் மேல் ஓட்டை வெட்டியெடுத்து, மூளையை மெல்லத் தூக்கினால் அடியில் வெள்ளையாக, பொடிசாக ஒரு மணி இருக்கும். அதுதான் பிட்யூட்டரி. அதை ஆல்கஹாலில் போட்டு வைத்து, வேண்டும்போது அரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊசியில் ஏற்றி வால் பக்கத்துச் சதையில் போட வேண்டும். பெண் மீனுக்கு முதல் ஊசி. ஆறு மணி நேரம் கழித்து அதற்கு இரண்டாவது ஊசி, அப்போது ஆணுக்கும் ஒன்று. பிறகு இரண்டையும் தண்ணீருக்குள் கட்டிய துணித் தொட்டியில் விட்டால் சில மணி நேரத்தில் முட்டை!

1957 ஜூலை 10-இல் இந்த முறை ஒடிசாவில் வெற்றி பெற்றது. ஜூலை 10-ஐத் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுவது அதை நினைத்துத்தான்.

பிற்பாடு இன்னொரு சங்கதி தெரியவந்தது. ரோகு உள்ளிட்ட கெண்டைக் குடும்பத்து மீன்களின் மூளை டோபமைன் என்ற பொருளையும் அனுப்புகிறது. எல்.எச். வெளியே வராமல் பிரேக் போடுவது அதன் வேலை. ஆகவே இப்போதைய ஊசி மருந்தில் இரண்டு சமாச்சாரம் இருக்கும். ஒன்று, ஆய்வகத்தில் செய்த ஜி.என்.ஆர்.எச். போன்ற பொருள். மற்றொன்று பிரேக்கை விடுவிக்கும் டோம்பெரிடோன். வாந்தி நிற்க டாக்டர் நமக்கு எழுதித்தரும் அதே மருந்துதான்! ஊசியும் ஒரே தடவை போதும். மீனின் சொந்த பிட்யூட்டரியே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். மீன் தலையைத் தேடி அலையும் பாடு மிச்சம்.

மூளை மட்டும்தான் பேசும் என்று நினைத்துவிடாதீர்கள். சினைப்பை சுரக்கும் ஹார்மோன்கள் ரத்தத்தில் மூளைக்கே திரும்பி வந்து, உத்தரவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும். தங்கமீனில் இந்தப் பேச்சு உடம்பையே தாண்டிவிடுகிறது. பெண் மீனின் முட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன் கொஞ்சம் தண்ணீரிலும் கசியும். பக்கத்தில் நீந்தும் ஆண் மீனின் மூக்கு அதை மோப்பம் பிடிக்கும், செய்தி மூளைக்கு ஏறும், அதன் பிட்யூட்டரியும் எல்.எச்.சை விடும். தங்கமீன் முட்டையிடுவது விடியும் நேரத்தில். அதற்குள், இரவோடு இரவாக ஆணின் உடம்பில் விந்து பெருகியிருக்கும்.