பகலில் உறங்குவோரின் அறை

வெயில் வந்துவிட்டால் "வெளியே போகாதீர்கள்" என்றுதான் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பகுதிகளில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கோ வெயில் அறைக்குள்ளேயே காத்திருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வந்து, ஷீட் கூரைக்கோ மொட்டை மாடிக்கோ நேர் கீழே பகலெல்லாம் உறங்குபவர்கள் அவர்கள்.

ஷீட் உடனே சுடும். கான்கிரீட் தளம் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து, பொழுது சாய்ந்த பிறகும் மெதுவாகக் கீழே இறக்கும். எனவே முதலில் கவனிக்க வேண்டியது கூரையைத்தான். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிவிடும். 2010 மே மாத வெப்ப அலையில் பல உயிர்களை இழந்த அகமதாபாத், 2013இல் வெப்பச் செயல் திட்டம் வகுத்தது. பின்னர் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு அங்கே வெள்ளை அடித்தார்கள். ஆண்டுதோறும் வாடகையை உயர்த்தும் நம் வீட்டு உரிமையாளர்களுக்குச் சுண்ணாம்புச் செலவு பாரமா என்ன?

வெயில் படும் ஜன்னலைப் பகலில் துணியால் மறைத்து, இரவில் திறந்து விடுங்கள். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி அனல் காற்றைத்தான் உடம்பில் வீசும். அப்போது உடம்பை நனைத்துக்கொள்வதே பயன் தரும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர், நீர்மோர் குடியுங்கள்.

உறங்கி எழுந்தவர் உளறினால், தடுமாறினால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால், வியர்த்திருந்தாலும் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் புகட்ட வேண்டாம்.

தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்த நிலை எந்த வீட்டுக்கும் வராமல் அல்லாஹ் காப்பானாக!

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையையே சற்றுத் தணிந்த பின் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் பள்ளிவாசல்கள் பலவும் ஃபஜ்ருக்கும் லுஹருக்கும் இடையே பூட்டிக் கிடக்கின்றன. கத்திரி முடியும்வரையாவது கீழ்த்தளத்தைத் திறந்து, நாலு பாய்களும் ஒரு குடம் தண்ணீரும் வைக்க ஜமாஅத் நிர்வாகிகள் இந்த ஜுமுஆவிலேயே முடிவெடுக்கலாம்.