ஜீன்ஸுக்குத் தோலின் பளபளப்பு வருவது எப்படி?

டெனிம் துணி ஏன் மின்னுவதில்லை? சாய்வரி நெசவின் மேடுபள்ளங்களிலும், சிலிர்த்து நிற்கும் பருத்தி இழைகளிலும் படும் ஒளி நாலாபக்கமும் சிதறிவிடுகிறது. பள்ளங்களை நிரப்பி மேற்பரப்பைச் சமமாக்கினால், ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் திரும்பும். அதுதான் பளபளப்பு.

வீட்டில் இதற்கு எளிய வழி தேன்மெழுகு. துவைத்துக் காயவைத்த ஜீன்ஸில் மெழுகுக் கட்டியை அழுத்தித் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். சுமார் 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் மெழுகு உருகும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், நூல்களின் இடுக்குகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆறியதும் மெல்லிய துணியால் தேய்த்தால் மினுமினுப்பு ஏறும்.

நிறம் ஏன் அடர்கிறது? இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தில் மெழுகு புகுந்ததால் ஒளிச்சிதறல் குறைகிறது. நூல்கள் ஒட்டிக்கொள்வதால் துணி விறைக்கிறது. மடியும் இடங்களில் மெழுகு விரிசல்விட்டு, பழைய தோல்போல் வெளிறிய கோடுகள் விழுகின்றன. மெழுகு தண்ணீரோடு ஒட்டாததால் தூறல் துளிகள் உருண்டோடும்.

ஒன்று மட்டும் கவனம்: வெந்நீரில் துவைத்தால் மெழுகோடு பளபளப்பும் போய்விடும். முதலில் உள்மடிப்பில் சிறிது பூசிப் பாருங்கள்.