உஷார்! கன்னத்துக் கருமை மங்குதானா?

கன்னத்தில் கருமை படர்ந்தால் நம் வீடுகளில் வரும் முதல் பேச்சு, "மங்கு விழுந்திருக்கு, வெயில்ல அலையாதே" என்பதுதான். அடுத்தது மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம். தயவுசெய்து அங்கே நில்லுங்கள்! இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் இறக்கை விரித்தாற்போல் படர்ந்து, வெயில் பட்டால் கூடி, மூட்டு வலி, வாய்ப்புண், ஓயாத அசதி, முடி உதிர்வு ஆகியவையும் சேர்ந்திருந்தால் அது லூபஸாக இருக்கலாம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய் அது. வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலோர் 15 முதல் 45 வயதுக்குள்.

மருத்துவப் புத்தகங்களில் காலங்காலமாக வந்த படம், வெள்ளைத் தோலில் ரோஜா நிறத் தடிப்பு. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு எடுபடாது. பழுப்பாகவோ கருநீலமாகவோதான் தெரியும். பலருக்குத் தடிப்பே வராமலும் போகும். ஆனால் நோய் அதிகம் தாக்குவது நம்மைப் போன்ற நிறத்தவரைத்தான் என்பதே என் பதைப்பு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1990களில் கணக்கெடுத்தபோது ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளியினரிடம் லூபஸ் மிக அதிகம், அடுத்து ஆசிய வம்சாவளியினர், வெள்ளையர் கடைசி.

முன்னோர் பிழைத்த கதையிலும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எஃப்சிஜிஆர்2பி என்ற மரபணுவின் ஒரு வகை, எதிர்ப்பு செல்களின் கடிவாளத்தைத் தளர்த்துகிறது. கடும் மலேரியாவிலிருந்து அது காத்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் லூபஸ் அபாயத்தைக் கூட்டுகிறது. மலேரியா வாட்டிய ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்த வகை அதிகம். மேற்கு ஆப்பிரிக்க வம்சத்தில் தூக்க நோயைத் தடுத்த ஏபிஓஎல்1 மரபணு வகைகளோ, லூபஸ் தொட்ட சிறுநீரகத்தைச் சீக்கிரமே செயலிழக்க வைக்கின்றன. இத்தனைக்கும் மரபணு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய ரத்தத்தை வைத்தே நடந்தவை.

லூபஸ் தாக்கினாலும் சிறுநீரகம் வலித்துச் சொல்லாது. சிறுநீரில் நுரை தங்குகிறதா, காலையில் கண்ணிமையும் மாலையில் காலும் வீங்குகின்றனவா என்று பாருங்கள். லூபஸைக் கண்டறிய எடுக்கும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றதும் கலங்க வேண்டாம். நோயில்லாதவர்களுக்கும் அப்படி வரும். ஆனால் லூபஸைப் பார்க்கும் முடக்குவாத நிபுணரிடம் (ருமட்டாலஜிஸ்ட்) போகும்போது சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் அதற்கு முன்பே!